புராணம் சினிமா ஆன கதை: நடுவுல நின்ன காட்டுநாயக்கன்பட்டிக்காரர்

இந்த எபிசோடை ஒரு எலெக்‌ஷன்ல இருந்து தொடங்குவோம். பயப்படாதீங்க, அரசியல் இல்ல.

2019 ஜூன் மாசம் தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தல் நடந்துச்சு. டிவியில மூணு நாள் இதே பேச்சுதான். ஓட்டுப் போட்ட பிறகு கேஸ், கோர்ட்டுன்னு இழுத்து, எண்ணி முடிக்கவே 2022 ஆயிடுச்சு. அதுல மோதுன ரெண்டு அணியோட பேரு ஞாபகம் இருக்கா? ஒண்ணு பாண்டவர் அணி. இன்னொண்ணு சுவாமி சங்கரதாஸ் அணி.

பாண்டவர் யாருன்னு நமக்குத் தெரியும். சங்கரதாஸ் யாரு? அன்னைக்கு என் ஃபிரெண்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல கேட்டேன். "யாராவது சாமியாரா இருக்கும்டா"ன்னு ஒருத்தன் சொன்னான். எங்க ஆச்சிகிட்ட கேட்டேன். கோவில்பட்டி பக்கத்துக் கிராமத்துல பிறந்து வளர்ந்தவங்க. "வள்ளி திருமணம் எழுதுனவர்லா, அவரைத் தெரியாதாக்கும்?"னு ஒரு பார்வை பார்த்தாங்க.

அந்தப் பார்வைக்கு நான் கொடுக்குற பதில்தான் இந்த எபிசோடு.

"ஒரிஜினல்ல இப்படியா இருக்கு?"

புராணப் படம் எது வந்தாலும் ஒரே சண்டை. டிரெய்லர் இறங்குன பத்து நிமிஷத்துல, "வால்மீகி இப்படியா எழுதினாரு? வியாசர்ல இது எங்க இருக்கு?"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. 2023ல ஆதிபுருஷ் வந்தப்போ அனுமன் பேசுற வசனத்துக்குக் கிளம்புன எதிர்ப்புல, படம் தியேட்டர்ல ஓடிட்டு இருக்கும்போதே வசனத்தை மாத்தினாங்க.

இந்தச் சண்டைக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை இருக்கு. ஒரு பக்கம் புத்தகம், இன்னொரு பக்கம் கேமரா. புத்தகத்துல இருக்குறதைக் கேமரா ஒழுங்கா எடுக்கணும், அவ்வளவுதான் வேலைன்னு.

தமிழ்ல அப்படி நடக்கவே இல்ல. புத்தகத்துக்கும் கேமராவுக்கும் நடுவுல பொட்டல் காடு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், ஆர்மோனியம், விடிய விடிய முழிச்சிருக்குற சனம்னு ஒரு நீளமான பாதை இருந்துச்சு. அந்தப் பாதையில நமக்குத் தெரிஞ்ச முக்கியமான ஆள் சங்கரதாஸ் சுவாமிகள். கரிசக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவுல பிறந்தவர்.

கழுகு இறங்குன மலை

முதல்ல அந்த மண்ணைப் பார்த்துடலாம். கோவில்பட்டின்னா நமக்குக் கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி. ஊரைத் தாண்டுனா கரிசல். மழை பெஞ்சா காலைப் பிடிச்சு இழுக்கும், வெயில்ல கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். ஆத்துப் பாசனம் கிடையாது, மானத்தைப் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய்.

கோவில்பட்டியில இருந்து கொஞ்ச தூரத்துல கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர்கள் ஒரே பாறையில குடைஞ்சு, முடிக்காம விட்ட வெட்டுவான் கோயிலைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரங்க போறாங்க. ஆனா ஊருக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு உள்ளூர்ல கேட்டா ராமாயணம் சொல்லுவாங்க. ராவணன் ஜடாயுவைக் கொன்னுடுறான். தம்பிக்கு இறுதிக் கடன் செய்ய முடியலையேன்னு தவிச்ச அண்ணன் சம்பாதி, இந்த மலைக்கு வந்து முருகனைக் கும்பிட்டுத் துக்கத்தைத் தீர்த்துக்கிட்டானாம்.

இதைக் கம்பராமாயணத்துல தேடுனா கிடைக்காது. ராமாயணக் கழுகு ஒண்ணு முருகன் கோயிலுக்கு வந்து ஆறுதல் தேடுறது, அந்த ஊர் தனக்காகச் சேர்த்துக்கிட்ட சீன். இதைப் பொய்னு யாரும் சொல்றதில்ல, தலபுராணம்னு சொல்றாங்க. புராணத்தைக் கேட்டு வாங்கி, தன் ஊர்ல ஒரு இடம் போட்டு உட்கார வைக்கிற பழக்கம் இது. சங்கரதாஸ் வளர்ந்தது இப்படிப்பட்ட பழக்கத்துக்கு நடுவுலதான்.

உப்பளக் கணக்கர்

1867 செப்டம்பர் 7. தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பிறக்குறாரு. அப்பா தாமோதரன் தமிழ் படிச்சவர், மகனுக்கு முதல் வாத்தியார் அவர்தான். அப்புறம் பழனி தண்டபாணி சுவாமிகள்கிட்ட இலக்கணம், இலக்கியம். இருபத்து நாலு வயசு வரைக்கும் தூத்துக்குடி உப்பளத்துல கணக்கர் வேலை. அதுக்கப்புறம் வேலையை விட்டுட்டு நாடகத்துக்குப் போயிட்டாரு. அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய ரிஸ்க்னு யோசிச்சுப் பாருங்க. கூத்தாடின்னா பொண்ணு கொடுக்க மாட்டாங்க, வீடு வாடகைக்குத் தர மாட்டாங்க.

மேடையில அவர் போட்டதெல்லாம் இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். பயங்கரமான வேஷங்கள். ஒரு கதை சொல்லுவாங்க. சனீஸ்வரன் வேஷம் போட்ட ராத்திரி, நாடகம் முடிஞ்சு விடியக்காலையில வேஷத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போறாரு. அங்க வந்த கர்ப்பிணிப் பொண்ணு இருட்டுல அந்தக் கரிய உருவத்தைப் பார்த்து அதிர்ச்சியில செத்துப் போயிட்டாங்கன்னு. அதோட வேஷம் போடுறதை விட்டுட்டு வாத்தியார் ஆயிட்டாராம். இந்தக் கதை ஒவ்வொருத்தர் வாயில ஒவ்வொரு மாதிரி இருக்கு. எப்படி இருந்தாலும், நடிகர் சங்கரதாஸ் ஒதுங்கி ஆசிரியர் சங்கரதாஸ் முன்னுக்கு வந்தது உண்மை. கொஞ்ச காலம் துறவி மாதிரி ஊர் ஊராச் சுத்தினாரு. "சுவாமிகள்" ஒட்டுனது அப்போதான். புதுக்கோட்டையில கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையோட இருந்து தாள நுணுக்கம் பழகினாரு. அதுக்கப்புறம் எழுத்துதான். நாற்பதுக்குக் குறையாத நாடகங்கள்.

தினைப்புனமும் சோளக்காடும்

அவர் என்ன மாத்தினாருன்னு பார்க்க ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்குவோம். வள்ளி திருமணம்.

வள்ளி பேரு சங்க இலக்கியத்துலேயே வருது. கதை முழுசா விரியுறது கச்சியப்ப சிவாச்சாரியாரோட கந்தபுராணத்துல. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுள்ள அந்தப் பெரிய நூலோட கடைசியில வள்ளி கல்யாணம் வருது. வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த பொண்ணு, பரண் மேல நின்னு தினைப்புனத்துல குருவி விரட்டுறா. நாரதர் முருகன்கிட்ட போய் அவளைப் பத்திச் சொல்றாரு. முருகன் வேடனா, வேங்கை மரமா, கிழவனா வேஷம் மாத்தி மாத்தி வர்றான்.

கந்தபுராணத்துல தூது சொல்றதோட நாரதர் வேலை முடிஞ்சிடும். சங்கரதாஸ் மரபு மேடையில நாரதர் நேரா தினைப்புனத்துக்கே வந்துடுவாரு. வந்து வள்ளிகிட்ட வாதம் பண்ணுவாரு. தர்க்கம்னு பேரு. கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு. கல்யாணம் எதுக்கு, பெரியவர் யாரு, பக்தியா அறிவான்னு மணிக்கணக்குல போகும். காவல்காரப் பொண்ணு ஒருத்தி, மூணு உலகமும் சுத்துற ரிஷியை நிறுத்திக் கேள்வி கேட்குறா. விசில் பறக்குறது முருகன் வரும்போது இல்ல, இந்த இடத்துல.

முன்னாடி உட்கார்ந்து பார்க்குறது யாருன்னு நினைச்சுப் பாருங்க. கம்பும் சோளமும் பால் பிடிக்கிற நேரத்துல, பரண்ல ஏறி, தகரத்தைத் தட்டி, கவண்ல கல்லு வச்சு சுத்தி, படைக்குருவியை விரட்டுன சனம். எங்க ஆச்சியும் சின்னப் பிள்ளையில அந்த வேலை பார்த்தவங்கதான். "வள்ளி ஆலோலம் பாடும்போது எங்க சோளக்காட்டுல நிக்கிற மாரியே இருக்கும்"னு அவங்க சொன்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது. சாமி கட்டிக்கப் போறது ராஜகுமாரியை இல்ல, அவங்க பார்த்த அதே வேலையைப் பார்க்குற ஒரு பொண்ணை. அந்தப் பொண்ணுக்குப் பேச ரெண்டு மணி நேரம் கொடுத்தது மேடை.

வியாசருக்குத் தெரியாத பவளக்கொடி

இன்னொரு வகை மாத்தம் இதைவிடத் துணிச்சலானது.

"இங்க என்ன அல்லி ராஜ்யமா நடக்குது?"ன்னு வீட்ல திட்டு வாங்கியிருப்பீங்க. அந்த அல்லி, மதுரையை ஆண்ட ராணி. ஆம்பளைகளை மதிக்காதவ. அர்ஜுனன் கிருஷ்ணரோட சூழ்ச்சியால அவளைக் கட்டிக்கிறான். அவங்க பையன் புலந்திரன், விளையாடப் பவளத்தேர் வேணும்னு அடம் பிடிக்கிறான். பவளம் தேடிக் கடல் தாண்டிப் போன அர்ஜுனன், அங்க பவளக்கொடிங்கிற இன்னொரு ராணிகிட்ட மனசைப் பறிகொடுக்குறான்.

வியாச பாரதத்தைத் தலைகீழாப் புரட்டுனாலும் அல்லியும் கிடையாது, பவளக்கொடியும் கிடையாது. அங்க இருக்குறது அர்ஜுனன் தீர்த்த யாத்திரையில கட்டிக்கிட்ட சித்திராங்கதை. தமிழ்ல பாரதம் பாடுன வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாக்கினாரு. நாட்டார் கதை இன்னும் ஒரு படி மேல போய் ராணியாவே ஆக்கிடுச்சு. அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலைன்னு சந்தையில வித்த சின்னப் புத்தகங்கள் இந்தக் கதைகளை வீடு வீடாக் கொண்டு போச்சு. படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் ராகம் போட்டுப் படிக்க, பத்துப் பேர் சுத்தி உட்கார்ந்து கேட்பாங்க.

சங்கரதாஸ் கந்தபுராணத்தையும் இந்தச் சந்தைப் புத்தகத்தையும் ஒரே மரியாதையோட எடுத்தாரு. வெண்பா, விருத்தம் எழுதத் தெரிஞ்ச புலவர் அவர். அந்தப் புலமையைக் கொண்டு அல்லிக்கும் பவளக்கொடிக்கும் பாட்டு எழுதினாரு. மன்னார் வளைகுடாவுல பவளப்பாறைத் தீவுகள் வரிசையா நிக்குது. தூத்துக்குடி உப்பளத்துல கணக்கு எழுதுன ஆளுக்குப் பவளத்தீவு ரொம்ப தூரத்துக் கற்பனையா இருந்திருக்காது.

அதே காலத்துல சென்னையில வக்கீல் பம்மல் சம்பந்த முதலியார், 1891ல சுகுண விலாச சபையைத் தொடங்கி, படிச்சவங்களுக்கான உரைநடை நாடகம் போட்டாரு. அதுக்கு ஒரு பெரிய மதிப்பு உண்டு. ஆனா கரிசல் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது சங்கரதாஸோட பாட்டு நாடகம்.

ஒரே ராத்திரியில ஒரு நாடகம்

பெரிய நடிகர்கள் குடிச்சிட்டு வர்றது, பாடத்தை மாத்திப் பேசுறது, பாதியில ஓடிப் போறது எல்லாம் அவருக்குத் தலைவலி. அதனால பசங்களை வச்சே கம்பெனி நடத்த முடிவு பண்ணாரு. 1910ல சமரச சன்மார்க்க நாடக சபை. 1918ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அந்த மதுரைக் கம்பெனிக்கு அண்ணன் தம்பிகளோட வந்த ஆறு வயசுப் பையன்தான் பின்னாடி அவ்வை சண்முகம்னு பேர் வாங்குன டி.கே. சண்முகம்.

சண்முகம் தன்னோட சுயசரிதையில ஒரு ராத்திரியைப் பத்தி எழுதியிருக்காரு. சுவாமிகள் விளக்கை வச்சுக்கிட்டு உட்கார்ந்து, அபிமன்யு சுந்தரி நாடகத்தை பாட்டு, வசனம் எல்லாத்தோட ஒரே ராத்திரியில எழுதி முடிச்சாராம். அதுல அபிமன்யுவா நடிச்சது சின்னப் பையன் சண்முகம். இதுக்கு ஒரு காரணம் இருக்கு. வருஷக்கணக்கா வாத்தியாரா இருந்தவருக்குக் கதையோட எலும்புக்கூடு மனசுலயே இருந்துச்சு. எந்த நடிகன் தொண்டைக்கு எந்த ராகம் வரும்னு தெரியும். சனம் எந்த இடத்துல கண்ணசரும்னும் தெரியும்.

அப்புறம் பக்கவாதம் வந்துச்சு. பேச்சு போச்சு. ஆயிரக்கணக்கான பாட்டைப் பசங்க வாயில ஏத்துன மனுஷனால கடைசி நாள்ல பேச முடியல. 1922 நவம்பர் 13, புதுச்சேரியில இறந்துட்டாரு. கருவடிக்குப்பத்துல சமாதி இருக்கு.

காக்கா விரட்டுன சினிமா

அவர் இறந்து ஒன்பது வருஷத்துல, 1931 அக்டோபர் 31ல காளிதாஸ் வருது. சினிமா பேச ஆரம்பிச்சிடுச்சு. பேசணும்னா வசனம் வேணும், பாடணும்னா பாடகர் வேணும், போட்ட பணம் திரும்பணும்னா ஜனங்களுக்கு ஏற்கெனவே பிடிச்ச கதை வேணும். இந்த மூணும் ரெடியா இருந்த ஒரே இடம் நாடகக் கம்பெனி. 1933ல வள்ளி திருமணம், 1934ல பவளக்கொடி, 1935ல அல்லி அர்ஜுனா, நல்லதங்காள்னு வரிசையா வந்த படப் பேரைப் பாருங்க. நாடக நோட்டீஸ் மாதிரியே இருக்கும்.

பவளக்கொடியை இயக்கினது கே. சுப்பிரமணியம். நடிச்சது எம்.கே. தியாகராஜ பாகவதர், எஸ்.டி. சுப்புலட்சுமி. ரெண்டு பேரும் இதே கதையை மேடையில பாடி ஜெயிச்சவங்க. அடையாறு பக்கம் திறந்த வெளியில, சூரிய வெளிச்சத்துல ஷூட்டிங். பாட்டு அங்கேயே நேரடியா ரெக்கார்ட் ஆகணும். சரியா அந்த நேரம் பார்த்து காக்கா கத்தும். அதனால காக்கா விரட்டவே ஏர்கன்னோட ஒரு ஆளை வேலைக்கு வச்சிருந்தாங்கன்னு சினிமா வரலாற்றாளர் ராண்டார் கை எழுதியிருக்காரு. வள்ளி பரண்ல நின்னு பார்த்த அதே வேலை!

இந்த ஓட்டத்துல ஒருத்தர் மட்டும் சேரல. சங்கரதாஸ்கிட்ட சின்ன வயசுல பாடம் படிச்ச எஸ்.ஜி. கிட்டப்பா. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து வள்ளி திருமணம் போட்டா ஊரே திரளும். 1933 டிசம்பர்ல, முப்பது வயசுகூட ஆகாம கிட்டப்பா இறந்துட்டாரு. குரல் கிராமபோன் தட்டுல இருக்கு, முகம் படத்துல இல்ல.

சுந்தராம்பாள் அதுக்கப்புறம் வெள்ளைப் புடவைக்கு மாறிட்டாங்க. 1953ல ஜெமினியோட அவ்வையார். 1967ல ஏ.பி. நாகராஜனோட கந்தன் கருணையில மறுபடியும் அவ்வை. அந்தப் படத்துல வள்ளியா நடிச்சது ஜெயலலிதா. ஒரு காலத்துல மேடையில வள்ளியா நின்னவங்க, பாட்டியா நின்னு முருகன்கிட்ட பாடுற அந்தப் படத்தை இப்போ திரும்பப் பாருங்க, வேற மாதிரி தெரியும்.

ஏ.பி. நாகராஜன் எங்க படிச்சாரு?

அந்த நாகராஜன் யாரு? டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில சிறுவனா சேர்ந்து, பெண் வேஷம் போட்டுத் தொழில் பழகினவர். சங்கரதாஸ்கிட்ட படிச்சது டி.கே.எஸ். சகோதரர்கள், அவங்ககிட்ட படிச்சது நாகராஜன். நேர் வாரிசு.

1965 திருவிளையாடலை இந்தக் கண்ணோட பாருங்க. பரஞ்சோதி முனிவர் பாடுன அறுபத்து நாலு விளையாடல்ல நாலை மட்டும் எடுத்தாரு. சிவனுக்கும் நக்கீரருக்கும் நடக்குற வாதம், வள்ளி திருமணத் தர்க்கத்தோட வாரிசு. நக்கீரரா நடிச்சது நாகராஜனேதான். தருமி? புராணத்துல அவன் கல்யாணம் பண்ணக் காசில்லாம தவிக்கிற ஏழை. நாகேஷ் பண்ணது, நாடகத்துல முதல் ஆளா மேடைக்கு வந்து ஊரையே சிரிக்க வைக்கிற பபூனோட உடம்பு மொழின்னு எனக்குத் தோணுது.

ஆக, நாம "ஒரிஜினல்"னு நினைச்சுட்டு இருக்குற திருவிளையாடல், புத்தகத்துல இருந்து நேரா வந்தது இல்ல. மேடையில நூறு தடவை அடிச்சுத் திருத்தப்பட்டு வந்தது.

சினிமா எடுத்துக்கிட்டது என்ன?

இதுல ஒரு நஷ்டமும் இருக்கு. அதைச் சொல்லாம போனா இந்த எபிசோடு வெறும் பெருமை ஆயிடும்.

மேடைத் தர்க்கத்துல வள்ளி ஜெயிப்பாளா, நாரதர் ஜெயிப்பாரான்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அது அன்னைக்கு வந்த ரெண்டு நடிகரோட திறமையைப் பொறுத்தது. வள்ளி வேஷக்காரம்மா கெட்டிக்காரியா இருந்தா நாரதர் திணறிப் போவாரு. அடுத்த ஊர்ல அது தலைகீழா மாறும். கதையோட முடிவு ஒண்ணுதான், வாதத்தோட முடிவு தினம் தினம் வேற. சினிமா அதை ஒரு தடவை எடுத்தது, பூட்டிடுச்சு. அதுக்கப்புறம் பிறந்த நமக்கு சிவன்னா சிவாஜி, தருமின்னா நாகேஷ். வேற மாதிரி யோசிக்கவே வரல. இப்போ புதுசா யாராவது மாத்தி எடுத்தா கோபம் வருதே, அதுல பாதி, பூட்டைத் திறக்குறாங்களேங்கிற கோபம்.

அதுக்காக எந்த மாத்தமும் சரின்னு நான் சொல்ல வரல. மேடையில மாத்துனவங்களுக்கு ஒரு பரீட்சை இருந்துச்சு. எதிர்ல உட்கார்ந்திருக்குற சனத்துக்குக் கதை மனப்பாடம். பிசகுனா கூச்சல் போடுவாங்க, இல்லைன்னா சாக்கை விரிச்சுத் தூங்கிடுவாங்க. ஆதிபுருஷ் வசனத்துல தடுக்கி விழுந்தது மாத்துனதால இல்ல. அந்தக் கதையோட வாழுற சனத்து முன்னாடி பேசிப் பார்க்காம எழுதுனதாலன்னுதான் நான் படிக்கிறேன்.

இன்னும் நடக்குது

அந்தப் பூட்டு இன்னும் மாட்டாத இடம் ஒண்ணு இருக்கு. அறுவடை முடிஞ்சு, பங்குனி, சித்திரையில தெற்கத்திக் கிராமங்கள்ல கோயில் கொடை நடக்கும்போது, சுவர்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க. கலர் கலரா நடிகர்கள் போட்டோ. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் வேற ஊரு, பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாரும் வேற வேற ஊரு. இதுக்குப் பேரு ஸ்பெஷல் நாடகம். இதுல ரிகர்சலே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேக்கப் போடும்போதுதான் பல பேரு முதல் தடவையா சந்திக்கிறாங்க. விடியுற வரைக்கும் தடங்கல் இல்லாம ஓடும். எப்படின்னா, எல்லாருக்கும் பாடம் ஒண்ணு. நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப் போன வாத்தியார் கொடுத்த பாடம்.

ஆனா அந்த நடிகர்களுக்கு வேலை சில மாசம்தான். ஒரு ஊர்ல நாடகத்துக்குப் பதிலா பாட்டுக் கச்சேரி வச்சா, பத்துக் குடும்பத்துக்கு அன்னைக்கு வருமானம் இல்ல. அவங்க தொழிலை விட்டா, வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்குற அந்த வாதத்தை நடத்த ஆள் இருக்காது. அதை எந்த ஓடிடியிலயும் தேடிப் பிடிக்க முடியாது.

அடுத்த தடவை சித்திரையில ஊருக்குப் போனா சுவர்களைப் பாருங்க. வள்ளி திருமணம்னு போட்டிருந்தா ஒரு ராத்திரி முழிச்சிருங்க. நான் போன வருஷம் ஆச்சியோட போனேன். வெடிச்ச கரிசல்ல சாக்கை விரிச்சு உட்கார்ந்தோம். மணி மூணு இருக்கும், எனக்குக் கண்ணு சொருகுது. அன்னைக்கு வள்ளியா வந்த அக்கா, நாரதரை ஒரு கேள்வி கேட்டாங்க. அவரு ஆர்மோனியக்காரரைப் பார்க்குறாரு, மேல பார்க்குறாரு, பதில் வரல. எண்பது வயசு ஆச்சி என் தொடையில ஓங்கி ஒரு அடி: "முழிச்சுக்கோல, வள்ளி ஜெயிச்சிட்டா!"

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.